நகர்த்தி வைத்த முளை

இடைசெவல்
26.8.81

சாமித்துரைக்கு உன் மதினி சொர்ணத்தாய் எழுதுகிறது. நான் சுகம், உன் அண்ணாச்சி சுகம், காளை ரெண்டும் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். சுகமாக இருக்கிறவன் இப்படியா கடுதாசி எழுதுவான்?

“இந்த வாரம் முழுவதும் லங்கையில் இருப்பேன்” என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அதை நான் வாசித்ததும் உன் அண்ணாச்சி கஞ்சிச் சட்டியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்கள்.

“ஏட்டி, என்ன சொல்லுத? சிலோனுக்கா போயிட்டான்? பாஸ்போட்டு இல்லாம எப்படிட்டி விட்டான்? தோணியிலயா போனான்?”

துண்டைக்கூட எடுக்காமல் கீழத்தெரு நந்தகோபால் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினார்கள். உனக்குச் சின்னதில் தெலுங்கு பழக்கிவிட்ட வீடு அல்லவா! அவர் வயிறு குலுங்கச் சிரித்து, “ஏலே சங்கிலி, ஆத்து நடுவுல கிடக்க திட்டுக்குத் தெலுங்குல லங்கன்னு பேருலே. ஒன் தம்பி திட்டுல நிக்கான், சிலோன்ல இல்ல” என்றாராம். இப்போது ஊரில் உனக்குச் ‘சிலோன் துரை’ என்று பெயர். வைத்தது நான்தான்.

நம் ஊரில் ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. ஓடை ஒன்று உண்டு. அதில் ஆடுதான் ஓடுகிறது. இங்கே பிறந்தவன் ஆறு கடலில் விழுகிற இடத்தைப் படிக்கப் போயிருக்கிறாய். கேட்கிறவர்களுக்கு என்ன சொல்ல? “சேறு அளக்குதான்” என்று சொல்லிவைத்தேன். வெயிலம்மாள், “அளந்து விக்கதா, வாங்குததா?” என்கிறாள். நீயே பதில் எழுது.

உன் அண்ணாச்சிக்கு இப்போது கம்பங்களி இறங்கமாட்டேன் என்கிறதாம். உருண்டை நெஞ்சில் நிற்கிறதாம். கரைத்துக் கஞ்சியாகக் கேட்கிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் பால்குடி.

உப்புக்காற்றில் கறுத்துப்போகாதே. பெண் தேட வேண்டியவள் நான்.

உன் மதினி


காக்கிநாடா
14.9.81

அன்புள்ள மதினிக்கு,

திட்டில் நிற்கும் துரை நலம். உங்கள் இருவர் நலத்துக்கும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தைப் படகில் உட்கார்ந்து வாசித்தேன். படகுக்காரர் நூக்கராஜு, நான் சிரித்ததைப் பார்த்து எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா என்று கேட்டார்.

வெயிலம்மாள் அக்காவுக்கு என் வேலையை இப்படிச் சொல்லுங்கள். கோதாவரி மலையிலிருந்து வண்டலைச் சுமந்துவந்து கடல் வாயில் இறக்கிவைக்கிறது. இறக்கிவைத்த இடத்தில் புது நிலம் வளர்கிறது. எந்தப் பக்கம் இறக்காமல் விடுகிறதோ, அந்தப் பக்கத்தைக் கடல் தின்கிறது. எங்கே வளர்கிறது, எங்கே கரைகிறது, ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி.

சின்னலங்கா என்ற திட்டில் சவுக்கு முளைகள் அடித்திருக்கிறேன். மாதம் ஒரு முறை முளையிலிருந்து கரையின் விளிம்பு வரை நாடா பிடித்து அளக்க வேண்டும். போன மாதம் நாற்பது அடி. இந்த மாதம் முப்பத்தேழு. முளைக்குப் பத்தடி பின்னால் நூக்கராஜுவின் குடிசை இருக்கிறது.

பன்னிரண்டு மாதம், ஒன்றுகூட விடாமல் அளக்க வேண்டும். ஒரு மாதம் தவறினால் மொத்தக் கணக்கும் ஓட்டை என்று புரொபசர் சொல்லிவிட்டார். அடுத்த ஆடிக்கு முன் ஊர்ப்பக்கம் வர முடியாது. அண்ணாச்சி கோபப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். களி இறங்கவில்லை என்றால் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுங்கள்.

சாமித்துரை


இடைசெவல்
20.10.81

சிலோன் துரைக்கு மதினி எழுதுகிறது. நான் சுகம், காளை ரெண்டும் சுகம்.

உன் கடுதாசியை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள் உன் அண்ணாச்சி. மூன்று அடி மண் ஒரு மாதத்தில் போனது என்பதை நம்பவே இல்லை. “முளைய எவனாவது நகத்தி வச்சிருப்பாம்ட்டி. பக்கத்துப் புஞ்சைக்காரன் யாருன்னு கேட்டு எழுது” என்றார்கள். பக்கத்துப் புஞ்சைக்காரன் கடல்தான் என்றேன். “அப்பம் கேஸ் போட முடியாது” என்று விட்டுவிட்டார்கள்.

நீ முளை அடித்துவிட்டு மண் போகிறதா என்று பார்க்கிறாய். நாங்கள் கம்பையும் உளுந்தையும் மண்ணில் போட்டுவிட்டு, முளை வருகிறதா என்று வானத்தைப் பார்க்கிறோம். ரெண்டுக்கும் சம்பளம் உனக்கு மட்டும்தான்.

நானும் ஒரு ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறேன், கேள். உன் அண்ணாச்சிக்கு அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் சரிகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது, கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு விரல் நுழைந்தது. இந்த மாதம் மூன்று. ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்கிவிட்டேன். உனக்கு நாடா, எனக்கு விரல். எனக்கும் ஒரு புரொபசர் பட்டம் வாங்கிக் கொடு.

திருநெல்வேலி போய் ஆற்றைப் பார்த்துவந்தோம். போனது வேறு சோலிக்கு. மூன்று நாள் தங்கும்படி ஆயிற்று. திரும்பும்போது பாலத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். உன் அண்ணாச்சி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இம்புட்டும் சும்மாவா போகுது?” என்று கேட்டார்கள். பஸ் வந்தது. ஏறிவிட்டோம்.

காலில் சேற்றுப்புண் வராமல் பார்த்துக்கொள்.

உன் மதினி


காக்கிநாடா
18.11.81

அன்புள்ள மதினிக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன். வெள்ளம் வந்து முன்வரிசை முளைகள் நான்கு போய்விட்டன. நூக்கராஜு வீட்டுப் பக்கத்து முளை நிற்கிறது; விளிம்பு முப்பத்தோரு அடியில் இருக்கிறது.

அண்ணாச்சி இடுப்பு குறைவது நல்லதுதான். தொப்பை விழுகிறது என்று போன வருஷம் நான்தானே கேலி செய்தேன்! ஆற்றைப் பார்த்தது மிகவும் சந்தோஷம்.

ஒன்று மனதை அரிக்கிறது. நேற்று நாடாவைச் சுருட்டும்போது நூக்கராஜு, “எந்த காலம் பாபு?” என்று கேட்டார். எவ்வளவு காலம் என்று அர்த்தம். வீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். என் கணக்குப்படி இன்னும் பதினான்கு மாதம். நான் “தெரியாது” என்றேன். கணக்கு முடியும் முன் எண்ணை வெளியே விடக்கூடாது என்பது புரொபசர் உத்தரவு. என் கையில் இருப்பது நாடா மட்டும்தான் மதினி. அதை வைத்துக் கடலை நிறுத்த முடியாது.

சாமித்துரை


இடைசெவல்
12.12.81

சாமித்துரைக்கு மதினி எழுதுகிறது. நான் சுகம். மயிலைக்காளை லேசாக நொண்டுகிறது. மற்றது சுகம்.

உன் கடுதாசியை இந்தத் தடவை உன் அண்ணாச்சிக்கு வாசித்துக்காட்டவில்லை. புஞ்சையில் களை எடுக்கும்போது முந்தானையிலிருந்து எடுத்து எடுத்துத் தனியாக வாசித்தேன்.

அந்தப் படகுக்காரரிடம் தெரியாது என்று சொன்னாயே, பிறகு அவர் முகத்தை எப்படிப் பார்த்தாய்? அன்றைக்கு உனக்குச் சோறு இறங்கியதா? சொல்லியிருந்தால் என்ன ஆகும்? ஆள் உடைந்துபோவாரா? சொல்லாமலே விட்டால், போகிற நாளில் “ஒனக்கு முன்னமே தெரியுமே” என்று கேட்கமாட்டாரா? நாள் குறித்துவிட்டதைத் தெரிந்துகொண்டு ஒரு மனிதரோடு அதே வீட்டில் புழங்குகிற மாதிரி அல்லவா இது!

சும்மாதான் கேட்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு. படித்தவன் நீ. யோசித்து எழுது. சீக்கிரம் எழுது.

இந்த மாதம் நான்கு விரல். மூன்று முடிச்சு ஆகிவிட்டது. இப்படியே போனால் உன் அண்ணாச்சிக்கு உன் சின்ன வயது டவுசரைத்தான் போட்டுவிட வேண்டும்.

உன் மதினி


காக்கிநாடா
20.1.82

அன்புள்ள மதினிக்கு,

நலம். பொங்கல் கழிந்து எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். லங்கையிலேயே ஒரு மாதம் முகாம். உங்கள் கடிதம் இங்கே காத்துக் கிடந்திருக்கிறது. சீக்கிரம் எழுது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே நூக்கராஜுவிடம் சொல்லிவிட்டேன். அவரோடு ஒரே படகில் போய்வர முடியவில்லை. அவர் அழவில்லை. “அடுத்த மழைக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்று மட்டும் தெலுங்கில் கேட்டார். மறுநாள் போனேன். வீட்டுக்குக் கதவு இல்லை. நல்ல தேக்குக் கதவு. அவர் அப்பா காலத்தது. அதை முதல் ஆளாகப் படகில் ஏற்றி அக்கரையில் மகள் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது சாக்குத் திரைதான் கதவு. நான் சொல்லாமல் இருந்திருந்தால் கதவும் கடலுக்குத்தான்.

அதனால் என் பதில், சொல்லிவிட வேண்டும் மதினி. தெரிந்தும் மறைப்பது, அண்ணாச்சி சொன்னாரே, முளையை நகர்த்தி வைக்கிற வேலை.

சாமித்துரை


இடைசெவல்
24.2.82

சாமித்துரைக்கு மதினி எழுதுகிறது. நான் சுகம். காளைகளும் சுகமாகத்தான் இருக்கும். இப்போது புதூர்க்காரர் வீட்டில் நிற்கின்றன.

நீ எழுதினபடி இங்கேயும் ஒருவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். யாரிடம் என்ன என்று குடையாதே. மாட்டுத்தொழுவத்தில் வைத்துச் சொன்னேன், வெறுந்தொழுவம். அவரும் அழவில்லை. “இதுக்காட்டி இம்புட்டு நாளா மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்ச? மாடு வித்ததுக்குன்னுல்ல நெனச்சேன்” என்றார். பிறகு கடம்பூர் போளி வேண்டும் என்றார். பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். ஒரு விள்ளல் நாக்கில் வைத்துவிட்டு மிச்சத்தை என்னைத் தின்னச் சொன்னார். எதிரே உட்கார்ந்து நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நல்ல சேதி. ஜனவரியிலும் நான்கு விரல் நுழைந்து நாலாவது முடிச்சுப் போட்டேன். இந்த மாதம் ஒரு விரல்தான் நுழைந்தது! கயிறு சிக்கென்று நிற்கிறது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தின்று கொழுத்துவிட்டீர்கள் என்று முதுகில் ஒன்று வைத்தேன். உன் லங்கையிலும் கரை இப்படித் திடீரென்று நிற்குமா? படித்தவன் நீ சொல்.

உன் மதினி


காக்கிநாடா
11.3.82

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். என் முளைக் கணக்குக்குக் கட்டம் போடுகிற மாதிரி, உங்கள் விரல் கணக்குக்கும் ஒரு கட்டம் போட்டேன். ஒன்று, மூன்று, நான்கு, நான்கு. களி இறங்கவில்லை. திருநெல்வேலியில் மூன்று நாள். காளைகள் இல்லை. அக்டோபரிலிருந்து ஒரு கடிதத்திலும் “உன் அண்ணாச்சி சுகம்” என்று இல்லை. ஆறு மாதமாக இதைக் கேலி என்று வாசித்திருக்கிறேன். நானா அளக்கிறவன்?

அண்ணாச்சிக்கு என்ன? மறைக்காமல் எழுதுங்கள்.

கடைசி எண் மட்டும்தான் மூச்சுவிட வைக்கிறது. ஒரு விரல். கரை சில நேரம் அப்படி நிற்பது உண்டு. வண்டல் வந்து சேர்ந்தால் நிற்கும். இந்த மாத அளவு 27ஆம் தேதி தொடங்குகிறது; ஒரு வாரம். முடித்த கையோடு ரயில் ஏறுகிறேன். உடனே வரவேண்டும் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள், எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருகிறேன்.

சாமித்துரை


அஞ்சலட்டை
இடைசெவல், 19.3.82

சாமித்துரைக்கு. நான் சுகம். கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நெஞ்சுக்குழிக்கு மேலே உள்ளே கட்டி. சித்திரை தாண்டாது என்று திருநெல்வேலியில் ஐப்பசியிலேயே சொன்னார்கள். சுகம் என்று பொய் எழுதக் கை வரவில்லை; அந்த இடத்தை விட்டுவிட்டு எழுதினேன். தொழுவத்தில் வைத்துச் சொன்ன அன்றைக்கே, உனக்கு எழுதக்கூடாது, படிப்பு கெடும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார்கள். வா என்று எழுதத்தான் இந்தக் கார்டை எடுத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, “அளவ முடிச்சுட்டு வரச் சொல்லு. கரைதான் நிக்குதுல்லா” என்கிறார்கள். இந்த மாதமும் ஒரு விரல்தான். முடித்துவிட்டே வா. மதினி.


தந்தி
கோவில்பட்டி, 30.3.82

சங்கிலிப்பாண்டி காலமானார். உடனே புறப்படு. நந்தகோபால்.


காக்கிநாடா
2.5.82

அன்புள்ள மதினிக்கு,

வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அங்கே வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் உங்களிடம் பேச முடியவில்லை. பேசியிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. தந்தி நான்கு நாள் காக்கிநாடாவில் என் மேசையில் கிடந்தது. நான் அப்போது லங்கையில் நாடா பிடித்துக்கொண்டிருந்தேன். ஊர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்றவனைப் பார்த்து, “வா துரை, கால் சேத்தக் கழுவிட்டு உள்ள வா” என்றீர்கள். என் காலில் உண்மையிலேயே சேறு இருந்தது.

என் கட்டத்தில் ஓட்டை இல்லை மதினி. ஒரு மாதமும் தவறவில்லை. புரொபசர் தட்டிக்கொடுத்தார்.

நூக்கராஜு இந்த வாரம் கூரையையும் பிரித்துவிட்டார். முளைக்கு எதிரே விளிம்பு ஒன்பது அடியில் இருக்கிறது. நான் சொன்ன நாளுக்கு முன்னாலேயே போய்விடும் போலிருக்கிறது. அவர் என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும். மீன் சுட்டுக் கொடுக்கிறார்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. கேட்பது தப்பென்றால் மன்னியுங்கள். கடைசி இரண்டு மாதமும் ஒரு விரல் என்று எழுதினீர்கள். அது எப்படி?

சாமித்துரை


இடைசெவல்
5.6.82

சாமித்துரைக்கு மதினி எழுதுகிறது. புதூர் வரை போய்வந்தேன். காளை ரெண்டும் சுகம். மயிலை என்னைக் கண்டதும் கயிற்றை இழுத்தது. அவர்கள் வீட்டுத் தவிட்டைத் தின்று மினுமினுவென்று இருக்கிறது, நன்றிகெட்டது.

நீ கேட்டது தப்பில்லை. எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

அன்றைக்கு உன் அண்ணாச்சியைக் குளிப்பாட்டும்போது நம் தெருப் பிச்சையா அண்ணன் அரைஞாண் கயிற்றை அறுத்தார். அதைக் குழியில் போடுவதுதான் வழக்கம். நான் கேட்டு வாங்கி மடியில் முடிந்துகொண்டேன். ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே. காரியமெல்லாம் முடிந்து, நீயும் ரயில் ஏறிப் போன பிறகு அவிழ்த்துப் பார்த்தேன். நான் போட்டது நான்கு முடிச்சு, முன்பக்கம். பின்பக்கம், வேட்டி மடிப்பு மறைக்கிற இடத்தில், நெருக்கி நெருக்கி வேறு முடிச்சுகள் இருக்கின்றன. அவை நான் போட்டவை இல்லை. உன் அண்ணாச்சிக்கு மாட்டுக் கயிற்றில் போட்டுப் பழக்கமான முடிச்சு அது, எனக்குத் தெரியும்.

தொழுவத்தில் வைத்துச் சொன்னேன் பார், அதற்குப் பிறகு போட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை வருமுன் தானே சுருக்கிவிட்டு, எண்ணெய்க்கு ஒன்றும் தெரியாத மாதிரி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கண் ஒன்று சொன்னது, விரல் ஒன்று சொன்னது. நான் விரலை நம்பினேன். நீயும் அதையே நம்பினாய்.

முளையை நகர்த்தி வைத்தது பக்கத்துப் புஞ்சைக்காரன் இல்லை துரை. வீட்டுக்காரரேதான்.

நந்தகோபால் அண்ணாச்சி ஏர் தருகிறேன் என்கிறார். புரட்டாசியில் கம்பு போடலாம் என்று இருக்கிறேன். நூக்கராஜுவிடம் கதவை அக்கரையில் மழை படாமல் வைக்கச் சொல். தேக்கு என்றாலும் உப்பும் நனைவும் ஆகாது.

கயிற்றை இந்தக் கடுதாசிக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். நீ அளக்கிறவன். பின்பக்க முடிச்சு எத்தனை என்று எண்ணி எழுது. நான் எண்ணினால் ஒரு தடவை ஏழு வருகிறது, ஒரு தடவை எட்டு வருகிறது.

உன் மதினி